நீண்ட பகலின் விருந்தில் மஃரிப் எங்கே?



ஜூன் மாதம் நெருங்கும்போது இங்கிலாந்தின் தென்கரை ஊர்களில் வாழும் நம் குடும்பங்களிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. ஆண்டின் மிக நீண்ட பகல் நாளன்று, தெருவில் குடியிருப்போர் ஒன்றுகூடிக் கடற்கரை உணவகம் ஒன்றில் விருந்து வைக்கிறார்கள். பல வீடுகள் சேர்ந்து பணம் போட்டு மேசைகளை முன்பதிவு செய்கின்றன. நம் வீட்டுக் கதவிலும் அழைப்பிதழ் வந்து விழுகிறது. "ஹள்ரத், போகலாமா? அது சூரியனைக் கொண்டாடும் நாள் என்கிறார்களே!" என்று வாரயிறுதி மதரஸாவில் என்னிடம் ஓதும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள்.

நம் சமூகத்தில் இதற்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. ஒரு சாரார், இது ஷிர்க்கின் வாடை வீசும் நாள் என்றும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். மற்றொரு சாரார், சாப்பாட்டில் என்ன மார்க்கம் இருக்கிறது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்கிறார்கள். இவ்விரண்டும் கேள்வியின் மையத்தைத் தொடவில்லை என்பது என் கருத்து. முதல் பதில் நாளைப் பார்த்து அஞ்சுகிறது. இரண்டாவது பதில் நாளையும் பார்க்கவில்லை, நேரத்தையும் பார்க்கவில்லை. அந்த மாலையில் நம் ஈமானுக்கு வரும் உண்மையான சோதனை இரவு 9.20 மணி அளவில் வருகிறது. அதற்கு வருமுன் சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

அந்த நாள் யாருடையது?

பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் ஆண்டுதோறும் ஜூன் 20 அல்லது 21 வாக்கில் சூரியன் கடகரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. வடகோளத்தில் அன்றுதான் பகல் மிக நீளமானது. சென்னையில் அன்றைய பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கொழும்பில் ஏறத்தாழ 12 மணி 30 நிமிடம். பிரைட்டன் போன்ற தென்கரை நகரங்களில் அது ஏறத்தாழ 16 மணி 30 நிமிடம் நீள்கிறது. விடியற்காலை 5 மணிக்கு முன்பே உதித்த சூரியன் இரவு 9 மணி கடந்த பின்னரே மறைகிறது.

இது அல்லாஹ்வின் ஏற்பாடு. திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயமான அர்ரஹ்மானில் அல்லாஹ் தன்னை இரண்டு கிழக்குகளுக்கும் இரண்டு மேற்குகளுக்கும் இறைவன் என்று அறிமுகப்படுத்துகிறான். கோடையில் சூரியன் உதிக்கும் கடைக்கோடி இடமும் குளிர்காலத்தில் அது உதிக்கும் கடைக்கோடி இடமுமே அந்த இரண்டு கிழக்குகள் என்று இப்னு கஸீர் முதலான விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள். அதாவது, இன்று உலகம் விருந்து வைக்கும் இந்தத் திருப்பப் புள்ளியை அல்லாஹ் தன் வல்லமைக்குச் சான்றாக நமக்கு முன்பே சுட்டிக்காட்டிவிட்டான்.

நம் முன்னோர் இந்த அத்தாட்சியை வெறுமனே பார்த்துவிட்டுப் போகவில்லை. ரக்கா நகரில் ஆய்வு செய்த அல்பத்தானீ, இந்தச் சாய்வை 23 பாகை 35 கலை என்று கணக்கிட்டார். அல்பீரூனி கஸ்னா நகரில் கதிர்த்திருப்ப நாட்களில் சூரியனின் உச்சி உயரத்தை அளந்தார். தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் துல்லியமாக அறிய வேண்டும் என்ற ஆவல் முஸ்லிம் வானியலாளர்களை இத்தகைய ஆய்வுகளின் பக்கம் ஈர்த்த காரணங்களுள் ஒன்று. ஆகவே நம் பிள்ளைகளிடம் அந்த நாளைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டியதில்லை.

அதே வேளையில், அத்தாட்சியை வணங்குவதற்கும் அத்தாட்சியை அமைத்தவனை வணங்குவதற்கும் இடையே இஸ்லாம் மிக அழுத்தமான கோட்டைப் போட்டிருக்கிறது. 41ஆம் அத்தியாயத்தின் 37ஆம் வசனம் சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஸுஜூது செய்வதைத் தடுத்து, அவற்றைப் படைத்தவனுக்கே ஸுஜூது செய்யுமாறு பணிக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தத் துயரத்துக்காகவே வானம் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டபோது, மகனை இழந்து நின்ற அந்த வேளையிலும் நபியவர்கள் அதை மறுத்தார்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று தெளிவுபடுத்தினார்கள்.

விழாவா, ஒன்றுகூடலா?

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ளோர் விளையாடிக் களிக்க இரண்டு நாட்களை வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பகரமாக அவற்றைவிடச் சிறந்த இரண்டு பெருநாட்களை அல்லாஹ் நமக்குத் தந்தான் என்று நபியவர்கள் அறிவித்தார்கள். ஆகவே சூரிய ஆண்டின் எந்த நாளும் நமக்குப் பெருநாள் ஆகாது. நம் பெருநாட்கள் பிறையைத் தொடர்பவை. எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருபவை. 2015, 2016 ஆண்டுகளில் ரமளான் இதே ஜூன் மாதத்தில் வந்ததும், இந்நாட்டில் 18 மணி நேரத்துக்கும் மேலாக நாம் நோன்பு நோற்றதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த நாளை நாம் பெருநாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நாளில் நடக்கும் எல்லாக் கூட்டமும் ஒரே தரத்தவையா? இங்கே நமக்கு வழிகாட்டும் ஒரு நபிமொழி அபூதாவூதில் உள்ளது. புவானா என்னும் இடத்தில் ஒட்டகம் அறுப்பதாக ஒருவர் நேர்ச்சை செய்திருந்தார். நபியவர்கள் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அங்கே அறியாமைக் காலத்துச் சிலை ஏதேனும் வணங்கப்பட்டதா என்று முதலில் கேட்டார்கள். அவர்களுடைய விழா ஏதேனும் அங்கே நடந்ததா என்று அடுத்துக் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று அறிந்த பிறகே நேர்ச்சையை நிறைவேற்றச் சொன்னார்கள்.

அந்த இரண்டு கேள்விகளையும் நாமும் கேட்போம். ஐரோப்பாவில் ஜூன் மாதத்தின் இந்த நாட்களில் மூன்று வகையான கூட்டங்கள் நடக்கின்றன. ஸ்டோன்ஹெஞ்ச் கற்களிடையே விடியலில் கூடி, சூரியனை வரவேற்றுச் சடங்கு செய்வோர் உண்டு. அது வழிபாடு, அங்கே நமக்கு இடமில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் கரையோரங்களில் நெருப்பு மூட்டுகிறார்கள். அந்த நாள் யோவானின், அதாவது நாம் யஹ்யா (அலை) என்று போற்றும் நபியின், பிறந்தநாளாகத் தேவாலய நாட்காட்டியில் ஜூன் 24ஆம் தேதிக்குக் குறிக்கப்பட்டது. அது பிற சமயத்தாரின் விழா. அதில் பங்காளியாவதும் நமக்குரியதன்று. மூன்றாவது வகை, மாலை வெளிச்சம் நெடுநேரம் நீடிப்பதால் தெருக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து உண்பது. அங்கே சடங்கு இல்லை, வேண்டுதல் இல்லை, துதிப்பாடல் இல்லை. நமக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை.

பிற சமுதாயத்துக்கு ஒப்பாவது பற்றிய நபிமொழியைச் சிலர் இங்கே நினைவூட்டுவார்கள். அந்த அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் ஒப்பாதல் என்பது அவர்களுக்கே உரிய அடையாளத்தில் ஒப்பாவதாகும். கோடை மாலையில் மீன் உண்பது எந்தச் சமயத்தின் அடையாளமும் ஆகாது. பூமாலை சூடி நெருப்பைச் சுற்றச் சொன்னால் அப்போது மறுப்போம். ஆகவே அழைப்பு வந்தால், விசாரியுங்கள். நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமை

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்களுக்குச் சொத்தில் பங்கும் தந்துவிடுவாரோ என்று நபியவர்கள் எண்ணினார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே கேட்டார்கள். ஓராண்டில் ஒரு முறை வரும் அழைப்பையும் நாம் மௌனமாகக் குப்பையில் போட்டால், அந்தத் தெருவில் நம்மைப் பற்றி எஞ்சுவது ஊகம் மட்டுமே. மறுப்பதாக இருந்தாலும் கதவைத் தட்டி, நன்றி சொல்லி, காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். அதுவும் ஒரு தஃவாதான்.

மேசையில் என்ன இருக்கிறது?

மது பரிமாறப்படும் மேசையில் அமர்வதை நபியவர்கள் தடுத்திருப்பது திர்மிதீ, அஹ்மத் முதலான நூல்களில் பதிவாகியுள்ளது. இதில் நாம் வளைந்துகொடுக்க இடமில்லை. நாம் ஆரஞ்சுச் சாறு குடித்தாலும், நம் மேசையில் ஒயின் கோப்பைகள் சுற்றி வந்தால் அங்கே அமர்வது நமக்குத் தகாது. ஆயினும் முன்கூட்டியே அமைப்பாளரிடம் சொன்னால் மது இல்லாத தனி மேசை அமைப்பது கடினமன்று. நம்மோடு, மதுவை விட்டவர்களும் வாகனம் ஓட்ட வேண்டியவர்களும் பிள்ளை குட்டிகளோடு வருபவர்களும் அந்த மேசைக்கு மகிழ்ச்சியோடு வருவார்கள். தனி மேசைக்கு வழியே இல்லை, எல்லா மேசையிலும் மது சுற்றும் என்றால் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வதே முறை.

மீன்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு உண்ணவும் வேண்டாம். இங்குள்ள கடற்கரை உணவகங்கள் பலவற்றில் மீனைப் பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரிப்பது வழக்கம். சிப்பியை வெள்ளை ஒயினில் வேகவைப்பதும் பரவலான முறை. பன்றி இறைச்சிப் பண்டங்களைப் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கையும் பொரிக்கக் கூடும். ட்ரைஃபிள், டிராமிசு போன்ற இனிப்புகளில் மது சேர்க்கப்படுவதுண்டு. ஜெல்லி வகைகளில் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்களுக்குச் சிப்பியும் கணவாயும் கூடாது; ஷாஃபிஈ மத்ஹபில் பொதுவாகக் கூடும். காயல்பட்டினத்துக் குடும்பமும் வேலூர்க் குடும்பமும் ஒரே மேசையில் அமர்ந்தால் இதில் ஒருவரையொருவர் குறை சொல்ல வேண்டாம். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். வேர்க்கடலை ஒவ்வாதவர் பத்து முறை கேட்கிறார். அவர் உடலுக்கு அஞ்சுகிறார். நாம் கேட்பது அதைவிடப் பெரிய அச்சத்தால்.

9.20 மணி

இப்போது மையத்துக்கு வருவோம். விருந்து பெரும்பாலும் 7.30 மணிக்குத் தொடங்கும். முதல் தட்டு, பேச்சு, பிறகு முதன்மை உணவு என்று நகரும்போது சூரியன் மறையும். மஃரிபின் நேரம் குறுகியது. பேச்சும் சிரிப்பும் உச்சத்தில் இருக்கும் அந்த நிமிடத்தில் நம் தந்தைமார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறார்கள். "வீட்டுக்குப் போய்க் களா செய்துகொள்ளலாம்" என்று உள்ளம் சொல்கிறது. வாப்பா கடிகாரத்தைப் பார்த்ததையும், பார்த்த பிறகும் எழாததையும் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பன்னிரண்டு வயது மகன் பார்க்கிறான். ஓராண்டு முழுவதும் மதரஸாவில் நான் தொழுகையின் பர்ளுகளைச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் அவன் வேறொரு பாடத்தைப் படித்துவிடுகிறான்: நாலு பேர் பார்க்காத இடத்தில்தான் தொழுகை என்ற பாடம். அதை அழிக்க என்னிடம் கரும்பலகைத் துடைப்பான் இல்லை.

இந்த நேரத்தின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். சூரியன் உதிக்கும்போதும், உச்சியில் நிற்கும்போதும், மறையும்போதும் தொழுவதை நபியவர்கள் தடுத்தார்கள். சூரியன் உதிப்பதையும் மறைவதையும் குறித்து, இறைமறுப்பாளர்கள் அதற்கு ஸுஜூது செய்யும் நேரங்கள் அவை என்ற காரணமும் முஸ்லிமில் உள்ள அறிவிப்பில் சொல்லப்படுகிறது. சூரிய வணக்கத்தின் சாயல்கூட நம் ஸுஜூதில் படியக் கூடாது என்பதற்காகவே மறையும் வரை காத்திருக்கிறோம். மறைந்த பின் தக்பீர் கட்டுகிறோம். இங்கிலாந்தின் தென்கரையில் கிப்லா தென்கிழக்கில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் சூரியன் மறைவதோ வடமேற்கில். ஆகவே ஆண்டின் மிக நீண்ட பகல் முடியும்போது மஃரிபுக்காக நிற்பவர், மறைந்த சூரியனுக்கு ஏறத்தாழ முழுமையாக முதுகு காட்டியே நிற்கிறார். கூடியிருப்போர் அனைவரும் மேற்கு வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கையில் ஒரு குடும்பம் திரும்பிக் கஃபாவை நோக்கி நிற்பதைவிடத் தெளிவான தௌஹீத் பாடம் வேறென்ன இருக்க முடியும்?

இஷாவைப் பற்றியும் கேட்பீர்கள். அட்சரேகை 48.6 பாகைக்கு வடக்கே இந்த நாட்களில் நள்ளிரவிலும் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்குவதில்லை. தென்கரையில் மே கடைசி வாரம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை இதே நிலை. அதனால்தான் பள்ளிவாசல்களின் நேர அட்டவணைகள் இஷாவில் வேறுபடுகின்றன. இது புதிய சிக்கலன்று. 922ஆம் ஆண்டு பாக்தாதிலிருந்து வோல்கா நதிக்கரைப் பல்கார் முஸ்லிம்களிடம் தூது சென்ற இப்னு ஃபள்லான், இஷாவுக்காகக் காத்திருந்தபோது ஃபஜ்ருக்கான பாங்கைக் கேட்டதாகப் பதிவு செய்திருக்கிறார். அங்கே மஃரிபோடு சேர்த்தே இஷாவைத் தொழுததாகவும், ஃபஜ்ர் தவறிவிடுமோ என்ற அச்சத்தால் முஅத்தின் ஒரு மாதமாக இரவில் உறங்கவில்லை என்று சொன்னதாகவும் எழுதுகிறார். ஓராண்டு போல நீளும் தஜ்ஜாலின் நாளைப் பற்றி நபியவர்கள் சொன்னபோது, அந்நாளில் ஒரு நாளின் தொழுகை போதுமா என்றே ஸஹாபாக்கள் கேட்டார்கள். இல்லை, கணக்கிட்டுத் தொழுங்கள் என்பது பதிலாக இருந்தது. தஜ்ஜாலைப் பற்றிக் கேட்டபோதும் அவர்களுடைய கவலை தொழுகையாக இருந்தது. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் அட்டவணையைப் பின்பற்றுங்கள். சேர்த்துத் தொழுவது பற்றி ஐரோப்பிய ஃபத்வா மற்றும் ஆய்வு மன்றம் சலுகை சொல்லியிருக்கிறது. ஹனஃபி உலமாக்கள் அதை ஏற்பதில்லை. உங்கள் ஆலிமிடம் முன்பே கேட்டு முடிவு செய்யுங்கள். உணவக நாற்காலியில் அமர்ந்துகொண்டு நமக்கு நாமே ஃபத்வா கொடுக்க வேண்டாம்.

வழி எளிதானது. வீட்டிலேயே அஸரை முடித்து, ஒளூவுடன் கிளம்புங்கள். ஒளூ முறிந்துவிடுமோ என்று அஞ்சுவோர், ஒளூவோடு தோல் காலுறை அணிந்து வந்தால் மஸ்ஹு செய்துகொள்ளலாம். கழிவறைத் தொட்டியில் காலைத் தூக்கி வைக்கும் சங்கடம் இல்லை. ஒரு விரிப்பை எடுத்துச் செல்லுங்கள். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது; கூழாங்கல் கரையும் அதில் அடக்கம். அமைப்பாளரிடம் முன்பே, "9.20க்குப் பத்து நிமிடம் எழுந்து சென்று தொழுதுவிட்டு வருவோம்" என்று சொல்லிவிடுங்கள். முன்பே சொன்னால் அது செய்தி. அந்த நேரத்தில் திடீரென எழுந்தால்தான் பரபரப்பு.

நம் சொந்த விருந்துகள்

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். மது இல்லை, சூரிய விழா இல்லை, முழுக்க முழுக்க நம்மவர்களே கூடும் நம் விருந்துகளில் மஃரிப் என்ன ஆகிறது? சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கொழும்பின் காலி வீதியோரத்திலும் நாம் வைக்கும் வலீமாக்களில் விருந்தினர் வந்து சேர்வதே மஃரிப் நேரத்தில்தான். மேடையில் புகைப்படத்துக்கு வரிசை நிற்கிறது, ஸஃபுக்கு ஆளில்லை. பட்டுச் சேலையும் ஒப்பனையும் கலையக் கூடாதென்று ஒளூவையே தள்ளிப்போடும் உம்மாமார்களை நாம் அறிவோம். அங்கே ஹராம் என்று சுட்ட ஒரு கோப்பையும் மேசையில் இல்லை. ஆனாலும் ஒரு பர்ளு போய்விட்டது. அயலாரின் விருந்தை மட்டும் தராசில் நிறுத்துவது நேர்மையாகாது. நம் மண்டபத்தில் பாங்கு ஒலிக்காத வரை, அவர்களுடைய உணவகத்தைப் பற்றி நாம் கொடுக்கும் ஃபத்வாவுக்குப் பிள்ளைகளிடம் மதிப்பிருக்காது.

நாமே அழைப்போம்

இறுதியாக ஒரு வேண்டுகோள். எப்போதும் அழைக்கப்படுபவர்களாகவும், போகலாமா கூடாதா என்று தயங்குபவர்களாகவும் ஏன் இருக்க வேண்டும்? நாளுக்குப் புனிதம் எதுவும் கற்பிக்காமல், ஜூன் மாதத்தில் வசதியான ஒரு மாலையில் நம் குடும்பங்கள் சேர்ந்து தெருக்காரர்களை அழைக்கலாம். ஹலால் இறைச்சியும் தேங்காய்ப்பால் சேர்த்த நெய்ச்சோறும் இஞ்சித் தேநீரும் போதும். செலவையும் அடக்கி வைப்போம். ஒரு குடும்பம் கடன்பட்டுச் செய்யும் விருந்தில் பரக்கத் இல்லை. சூரியன் மறையும் நேரத்தில் ஒரு சிறுவன் பாங்கு சொல்லட்டும். விருந்தினர் கேட்டால், இரண்டு கிழக்குகளின் இறைவனைப் பற்றி அவனே சொல்லட்டும்.

இவ்வாண்டு அழைப்பு வந்திருக்கும் குடும்பங்களுக்கு என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழிபாடோ சடங்கோ இருந்தால் போகாதீர்கள். மது சுற்றும் மேசையைத் தவிர வேறு மேசை இல்லையென்றாலும் போகாதீர்கள். இவை இல்லையென்றால், அண்டை வீட்டாரின் உரிமையை எண்ணிப் போங்கள். ஆனால் மஃரிபுக்கு எழுந்து நிற்கும் உறுதி இருந்தால் மட்டுமே போங்கள். அந்த உறுதி இன்னும் வரவில்லை என்றால் வீட்டில் இருப்பதே பாதுகாப்பு.

நம்மையும் நம் சந்ததியினரையும் தொழுகையை நிலைநாட்டுபவர்களாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.